கே-ஏழு

என் வேலை கணக்கு. பாட்டு இல்லை.
நாற்பத்தொரு மதுக்கடை, ஆறு உணவகம்,
பந்து உருட்டி விளையாடும் கூடம் ஒன்று.
செவ்வாய்தோறும் ஜூக்பாக்ஸின் முதுகைத் திறந்து
சில்லறையைப் பையில் கொட்டுவேன்.
எந்தத் தட்டு எத்தனை முறை சுழன்றதென்று
உள்ளே ஒரு முள் காட்டிக்கொடுக்கும்.
வாரம் பத்துக்குக் கீழே போனால்
பாடியவன் எப்பேர்ப்பட்டவனானாலும் கழற்று.
முதலாளி கிரெப்ஸின் சட்டம்.

எத்தனை பேரைக் கழற்றியிருக்கிறேன்!
ஐம்பத்தேழில் இடுப்பை ஒடித்து ஆடியவர்களை,
எண்ணெய் வழியும் முன்முடிக்காரர்களை,
விக்கலைப் பாட்டாக்கி விற்றவர்களை,
'பேபி' என்ற ஒற்றைச் சொல்லைப்
பதினான்கு துண்டாக நறுக்கத் தெரிந்த
கென்டக்கிப் பையனை.
அவர்கள் பெயர்ச்சீட்டெல்லாம் என் சட்டைப்பையோடு
சலவைக்குப் போய்க் கூழாகித் திரும்பின.

லொரெய்ன் நகரம், உருக்காலைக்குப் பின்தெரு,
மத்தூஷ் கடை, பொத்தான் கே-ஏழு:
லூடி ஹேவன்.
தேவாலயப் பதிவேட்டில் லுட்மிலா ஹ்ரின்கோ.
ஐம்பத்தொன்பதில் ஆறு வாரம்
கிளீவ்லாந்து வானொலி முழுக்க அவள்தான்.
ஏழாவது வாரம் வானொலிக்கு வேறு வேலை வந்தது.
இப்போது ரொட்டி ஆலையில் இரண்டாம் ஷிப்ட்.

வாரம் மூன்று.
கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை.
ஐந்து வருஷம் நான் பதின்மூன்று என்றே எழுதினேன்.
மூன்றுக்கு முன்னால் ஒரு கோடு போட
எவ்வளவு மை செலவாகிவிடும்?

அறுபத்துநான்கு ஜூலையில்
கடல் தாண்டி வந்த இங்கிலாந்துப் பையன்களுக்கு
பெட்டிக்கு ஆறு இடம் ஒதுக்கச் சொன்னார் கிரெப்ஸ்.
ஐந்து கிடைத்தது. ஆறாவது கே-ஏழு.
உருவும்போது கவனித்தேன்:
வானொலியில் வந்த பக்கம் கறுத்து மின்னியது,
பின்பக்கம் தேய்ந்து சாம்பல் பூத்திருந்தது.
அவசரம். வண்டியின் முன்கண்ணாடி ஓரம் போட்டுவிட்டு
அடுத்த கடைக்குப் போனேன்.

மறு செவ்வாய் மத்தூஷ் முகம் கொடுக்கவில்லை.
கோப்பையைத் துடைத்தபடி கோப்பையிடம் பேசுவதுபோல் பேசினார்.

"வியாழன் நள்ளிரவு வருவாள்.
கோட்டைக் கழற்ற மாட்டாள். புருவத்தில் மாவு.
பின்பக்கத்தைத்தான் போடுவாள்.
பாட்டைக் கேட்க இல்லை.
நடுவில் டிரம்ஸ்காரன் கைக்குச்சி நழுவி விழும்,
இவள் பாடுவதை விட்டுச் சிரித்துவிடுவாள்.
இன்னொரு தரம் பதிய அன்றைக்குக் காசில்லையாம்,
அப்படியே விட்டுவிட்டார்கள்.
அந்தச் சிரிப்பு வரைக்கும் நிற்பாள்.
மூன்று தரம். பிறகு பேருந்துக்கு ஓடுவாள்."

"போன வியாழன்?"

"வந்தாள். அமுக்கினாள்.
உன் இங்கிலாந்துக்காரர்கள் பாடினார்கள்.
முழுசாக நின்றாள்.
தப்பாக அமுக்கிவிட்டேன் போல என்று
இன்னொரு தரம் அமுக்கினாள்.
நன்றாகத்தான் பாடுகிறார்கள், என்ன,
ஒருத்தன் கையிலிருந்தும் எதுவும் விழவில்லை."

வண்டிக்கு ஓடினேன்.
எட்டு நாள் ஜூலை வெயில்.
தட்டு வளைந்து கிண்ணமாகியிருந்தது.
ஒரு கைப்பிடி மாவு கொள்ளும்.
அதைக் கையில் பிடித்துக்கொண்டு
நடைபாதையில் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது,
பின்னால் வந்த லாரிக்காரன் திட்டிய பிறகுதான் நகர்ந்தேன்.

அந்தத் தட்டை வெளியிட்ட கம்பெனி
இரண்டு வருஷம் முன்பே பூட்டிப்போனது.
கேட்டுப் பார்த்தேன். டொலிடோ வரை கேட்டேன்.

அன்று மாலை கிரெப்ஸ் மேசையில்
பதிவேட்டை விரித்தேன்.
மத்தூஷ் கடை, கே-ஏழு, இருநூற்றுப் பதினொன்று.
அவர் என் தோளில் தட்டினார்.

அந்த இருநூற்றுப் பதினொன்றில்
இரண்டு அவளுடையது.
முள் அதைச் சொல்லாது.
நானும் சொல்லவில்லை.