கண்ணளவு

ஒயின்ஷாப் என்றுதான் சொல்கிறோம்.
ஒயின் கேட்டு அங்கே ஒருவர் வந்து
நான் பார்த்ததில்லை.

அயனாவரம், டிசம்பர்.
புயல் வரும் வராது என்று
மூன்று நாளாய் வானம் இழுத்தடித்த சாயங்காலம்.
என் கையில் குவார்ட்டருக்குப் பாதிக் காசு.
"பாஸ், கட்டிங்?" என்றார்
சட்டைப்பையை வெளியிலிருந்தே எண்ணிவிட்டவர் போல ஒருவர்.
முழங்கைவரை பழைய சூட்டுத் தழும்புகள்.
பெயர் கேட்கவில்லை.
கட்டிங்கில் பெயர் கேட்கும் வழக்கமில்லை.

அப்போதுதான் அந்த அம்மா வந்தார்
ஒரு கம்பி மடங்கிய குடையோடு.
வரிசை தானாக விலகியது.
ஹெட்மிஸ்ட்ரஸ் வந்துவிட்டது போல
ஒருவர் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"ஒயின் இருக்கா? கேக்குக்கு."

கம்பிக்குள் இருந்தவர் விழித்தார்.
"ஒயின் வேணாம்மா, ரம் வாங்குங்க"
என்றார் என் பங்காளி.
"ஆரஞ்சுத் தோல உள்வெள்ளை இல்லாம சீவுங்க.
சர்க்கரை கருக்கறப்ப பயந்துடாதீங்க.
இன்னும் கருப்பா, இன்னும்,
புகை வரும், அப்பதான் தண்ணி."
பெரம்பூரில் பதினோரு வருஷம் பேக்கரி அடுப்படியாம்.
வரிசையே கேட்டுக்கொண்டு நின்றது.
நிற்க முடியாத ஒருவர்
"முந்திரி எப்ப போடணும்?" என்று சந்தேகம் கேட்டார்.

அம்மா சில்லறை சுத்தமாக எண்ணி வந்திருந்தார்.
பாட்டிலுக்கு மேல் பத்து ரூபாய் என்பது
அவருக்கு யாரும் சொல்லாத கணக்கு.
நான் யோசிப்பதற்குள் பேக்கரிக்காரர் நீட்டிவிட்டார்.
இப்போது எங்கள் குவார்ட்டருக்குப் பத்து குறைந்தது.
முந்திரிக்காரர் சேர்ந்துகொண்டார்.

மூன்று பிளாஸ்டிக் டம்ளர்.
கண்ணளவாகத்தான் ஊற்றினார்,
ரசமட்டம் வைத்துப் பார்த்திருக்கலாம்.
பிறகு தன்னுடையதிலிருந்து எனக்கு
ஒரு விரல் கூடச் சாய்த்தார்.
"ரொம்ப நேரமா நிக்கிறீங்க."

ஜனவரி மூன்றாம் தேதி
கம்பிக்குள்ளிருந்து ஒரு பேப்பர் பொட்டலம் வந்தது.
"கேக் அம்மா குடுத்தாங்க.
அன்னிக்கு சொல்லிக்குடுத்தவருக்காம்.
நீதான கூட இருந்த?"

பிரித்தேன். தார் ரோடு போல் கருப்பு.
பயப்படவில்லை அந்த அம்மா.

வரிசையில் முழங்கை முழங்கையாகப் பார்த்துக்கொண்டே போனேன்.
கூப்பிட ஒரு பெயர் இல்லை.
முந்திரிக்காரரையும் காணோம்.
கடை மூடும்வரை நின்றேன், அன்றைக்குக் குடிக்கவில்லை.

ஷட்டர் இறங்கியதும்
கண்ணளவாகப் பாதி பிட்டேன்.
அவர் பக்கம்
ஒரு விரல் கூட.