அரைத்தாங்கி

நிரம்பின பவுசர் நல்லது.
ஐயாயிரம் லீற்றரும் தோளோடு தோள் நெருங்கி
அசைய இடமில்லாமல் நிக்கும்.
ஏத்தத்தில ரெண்டாம் கியர் மூச்சு வாங்கும், உண்மை.
ஆனா ஒரே பாரம். சொன்னதைக் கேக்கும்.
வெறும் பவுசரும் பரவாயில்லை,
பள்ளத்துக்குப் பள்ளம் வாய் பாறும், அவ்வளவுதான்.

அரைத்தாங்கிதான் பொல்லாதது.
அப்ப நான் ஓட்டிறது ரெண்டு வாகனம்:
இரும்பு ஒண்டு, தண்ணி ஒண்டு.
ஸ்ரேறிங் இரும்புக்கு மட்டும்.

உள்ளுக்கு முந்தி மூண்டு தடுப்புத் தகடு இருந்தது.
கறள் தின்ன, வெட்டி எடுத்தாச்சு.
தகட்டுக்கு ஒண்டாய் மூண்டு கடிதம் சபைக்குக் குடுத்தன்.
கிளாக்கர் சிவகடாட்சம் கண்ணாடிக்கு மேலால பாத்தார்.
"தண்ணி ஒழுகுதோ?"
"இல்லை ஐயா. ஓடுது."
"எங்க?"
"தாங்கிக்குள்ள."
"அப்ப நட்டமில்லையே" எண்டு கோவையை மூடினார்.

ஆவணி.
கச்சான் காத்து கிறவலை அள்ளி
பாலை மரங்களுக்குச் சிவப்படிக்குது.
ஒட்டுசுட்டானில நிரப்பி, பதின்மூண்டு வீட்டுக்கு ஊத்தி,
மிச்சத்தோட காட்டு றோட்டில வாறம்.
கண்ணாடிக்குக் கீழ ஒரு தேசிக்காய்.
வெளிக்கிட்டா மடியில விழும்,
பிறேக் பிடிச்சா கண்ணாடியில முட்டும்,
இடப்பக்கம் திருப்பினா வலப்பக்கம் உருளும்.

"சடத்துவம் அண்ணை" எண்டான் டிலக்சன்,
விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்து, கணக்கில விழுந்த என்ர உதவியாள்.
"பஞ்சி எண்டு சொல்லன்."
"பஞ்சி எண்டா ஓடுறது தானா நிக்குமே.
இது பழக்கம் அண்ணை.
நிண்டது நிக்கும், ஓடினது ஓடும்,
ஆரும் வந்து தள்ளுமட்டும்."

வளைவு திரும்பினா, நடு றோட்டில ஒரு சைக்கிள்.
செயின் கழண்டிட்டுது.
கரியரில ரெண்டு கான்,
குனிஞ்சபடி ஒரு மனிசி.

மிதிச்சன்.
ரயர் கத்தி, கிறவலைக் கடிச்சு,
நிண்டது வண்டி.
மனிசிக்கும் பம்பருக்கும் நடுவில ஒரு பாகம் இருந்தது.

தண்ணிக்கு ஆரும் சொல்லேல்லை.

அது பின்னால இருந்து வந்தது,
தன்ர பழைய வேகத்தில,
றோட்டு இன்னும் இருக்கெண்ட நினைப்பில.
முன் தகட்டில அறைஞ்சுது.
பூட்டின சில்லோட ஒரு முழம் போனம்.
திரும்பிப் போச்சு. திரும்பி வந்துது. அரை முழம்.
பம்பர் மட்காட்டைத் தொட்டு, அதில நிண்டது.

எஞ்சினை நிப்பாட்டினன்.
காடு அமைதி. தாங்கிக்குள்ள மட்டும்
போய் வாற சத்தம், போய் வாற சத்தம்.
முறிப்பெண்டு முடியிற ஊருகள் இந்தப் பக்கம் கனக்க.
எந்தத் தண்ணி எந்தக் கட்டை எப்ப தள்ளினதோ,
பேரில இன்னும் உடைஞ்சபடி.

மனிசி நிமிர்ந்தா. கையெல்லாம் செயின் கறுப்பு.
பேர் பரிமளகாந்தியாம்.
திட்டுவா எண்டு பாத்தன்.
"நிப்பாட்டினதுதான் நிப்பாட்டினியள்,
எனக்கும் ஒருக்கா ஊத்துங்கோவன்."
பட்டியலில பேர் இல்லை.
மதகுக்கு அங்கால வீடு, மற்றச் செயலாளர் பிரிவு.
அங்கத்தைப் பவுசருக்கு ரயர் இல்லை.

டிலக்சன் என்னைப் பாத்தான்.
நான் தாங்கியைப் பாத்தன்.
உதோட இன்னும் பதினொரு மைல், நாலு வளைவு.
என்னை நல்லவன் எண்டு எண்ண வேண்டாம்,
எனக்குப் பயம்.

மூண்டு பரல் நிரம்பிச்சுது. சீமெந்துத் தொட்டி.
கிடாரம், வாளி, பிள்ளையின்ர குளிக்கிற பேசின்.
கடைசியாக் குழாயைத் தூக்கி
முருங்கையடியில பிடிச்சம், சொட்டு நிக்குமட்டும்.

புத்தகத்தில எழுதினன்:
சிந்தியது, ஆயிரத்து எண்ணூறு லீற்றர்.
காரணம், சடத்துவம்.
கிளாக்கர் அகராதி தேடட்டும்.

வெறுந்தாங்கி, கடகடத்தபடி திரும்பிறம்.
சந்தியில மாடு.
மிதிச்சன். வண்டி சொன்ன இடத்தில நிண்டது.
மாடு போச்சு. கண்டும் போச்சு.
"எடுங்கோ அண்ணை" எண்டான் டிலக்சன்.

நான் முதுகைச் சீற்றில ஊண்டி,
கால் பிறேக்கில விறைக்க,
பின்னால வாறதுக்கு
இன்னும் பாத்துக்கொண்டு.