நூற்று அறுபத்திமூன்று கிலோ

எத்தனை சிசி என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.
எத்தனை கிலோ என்று நான் கேட்டேன்.
சத்துவாச்சாரி ஷோரூம் பையன்
கையேட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தான்.

எலும்பு வார்டில் பதினோரு வருடம்.
பைக்குகள் எனக்கு
ஞாயிறு இரவுகளில்
மனிதர்களாகத்தான் அறிமுகம்.
இது தொடை, அது கழுத்துப்பட்டை எலும்பு,
இதோ இவர் வாணியம்பாடி தாண்டித் தூங்கியவர்.

பெரியது ஒன்று பார்த்தேன்.
அறுநூற்றைம்பது சிசி, டாங்கில் கீறல்கூட இல்லை.
ஏறி உட்கார்ந்தால்
வலது பெருவிரல் மட்டும் தரையோடு பேசியது.
இறங்கிவிட்டேன்.

காட்பாடியில் கிடைத்தது இது.
இருநூற்றைம்பது, ஒற்றை சிலிண்டர், ஆறு கியர்,
நீலமென்று சொல்லி விற்ற சாம்பல்.
தோஹாவுக்கு விசா வந்த அவசரத்தில் இருந்தான்
சுகிர்தராஜ்.
விலை படிந்தது.
"ஒருமுறை கீழே போட்டுப் பார்க்கணும்" என்றேன்.

பாலாற்று மணல் அதற்காவது உதவியது.
மெல்லச் சாய்த்துப் படுக்கவைத்தேன்.
அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
வண்டிக்கு முதுகு காட்டிக் குந்தி
ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை பின்கம்பியில்,
இடுப்பை சீட்டில் முட்டுக்கொடுத்துப்
பின்னாலேயே நடந்தேன்.
நோயாளியை எழுப்பும் அதே கணக்கு.
முதுகால் அல்ல, தொடையால்.
எழுந்து நின்றது, மணலை உதிர்த்துக்கொண்டு.
ஐந்நூறு ரூபாய் குறைத்துக்கொண்டான்,
பயந்தா மகிழ்ந்தா தெரியவில்லை.

சைதாப்பேட்டை இம்தியாஸ் கடை.
ஹேண்டில்பாரை இருபது மில்லிமீட்டர் உயர்த்தினார்.
என் கழுத்துக்கு அது ஒரு மாடி.
பின்சக்கரப் பல்லில் இரண்டைக் குறைக்கச் சொன்னேன்.
"பிக்கப் அடி வாங்கும்மா."
"வாங்கட்டும்.
எண்பதில் எஞ்சின் அலறாமல் இருந்தால் போதும்."
சேலைக் கம்பி, பின் ஃபுட்ரெஸ்ட், கைப்பிடி
எல்லாம் கழன்றன.
"பின்னால யாரும் ஒக்கார மாட்டாங்களா?"
"தண்ணி கேன் உக்காரும்."
அப்பால் அவர் கேட்கவில்லை.

சீட்டுக்கு ஆம்பூர் போனேன்.
ரெஹானா, ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைப்பவள்.
தோல் போடலாமா என்றேன், அந்த ஊரில் வைத்து.
சிரித்தாள்.
"மழையில நனைஞ்சா ரெண்டு நாளு காயாது.
ரெக்சின் போடுங்க.
தோலு பாக்கறதுக்கு, இது ஒக்கார்றதுக்கு."
நடுவில் ஜெல் வைத்து இரட்டைத் தையல் போட்டாள்.
தையல் எங்கே அழுத்தும் என்று
என்னைவிட அவளுக்குத் தெரிந்திருந்தது.

பெட்டிகளின் அகலத்தை நிர்ணயித்தது
பள்ளிகொண்டா டோல்கேட்.
பைக்குகள் நழுவும் அந்த இடது ஓரச் சந்தை
விடியலில் டேப் வைத்து அளந்தேன்.
மறுமுனையைப் பிடித்துக்கொண்டவன்
ஏன் என்று கேட்கவில்லை,
கொட்டாவி விட்டான்.
தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர்.
பெட்டியோடு சேர்த்து எண்பத்தாறு.
இந்தப் பக்கம் இரண்டு விரல், அந்தப் பக்கம் இரண்டு விரல்.

முதல் நெடும்பயணம் ஹாசன் வரை.
பலமநேர் ஏற்றத்தில் மழை.
டீக்கடை முன் ஸ்டாண்டு சேற்றில் இறங்கி
நின்ற வண்டி படுத்துவிட்டது.
நான்கு பேர் ஓடிவந்தார்கள்.
"இருங்க" என்றேன்.
முதுகு காட்டினேன், குந்தினேன், தொடையால் தள்ளினேன்.
எழவில்லை.
பெட்டி, கேன், ஸ்டவ், இரண்டாவது ஜீன்ஸ்,
பாலாற்றில் இவையெல்லாம் இல்லை.

பெட்டிகளைக் கழற்றி
டீக்காரர் கையில் கொடுத்துவிட்டு
மீண்டும் குந்தினேன்.
இந்த முறை வந்தது.
யாரும் கைதட்டவில்லை.
டீ ஆறிப்போயிருந்தது, வேறு போட்டுக் கொடுத்தார்.

திரும்பியதும் இம்தியாஸ் கடைக்குத்தான் போனேன்.
ஸ்டவ்வை அவரிடமே கொடுத்தேன்.
முன்னால் அவர் இலவசமாய்ப் பொருத்திய
இரட்டை விளக்குகளைக் காட்டினேன்.
"அது அழகுக்கும்மா, இருக்கட்டும்."
"எத்தனை கிலோ?"
கழற்றி உள்ளங்கையில் ஏந்தி
கறி நிறுப்பவரைப்போல் கண்ணை மூடினார்.
"முக்கால்."
திறந்தபோது
நான் அடுத்த போல்ட்டில் இருந்தேன்.