மழை நாளில் போய்ப் பார்

ரெயினர்ஸ் லேன் மண்டபம். சாமத்திய வீடு.
சாப்பாட்டு வரிசை நகர்வதாய் இல்லை.
பகீரதன் அண்ணை கையில் தட்டோடு திரும்பிச் சொன்னார்:
“லண்டனை விடு தங்கச்சி. வடக்கிலை வாங்கு.”

வடக்கு என்றதும் எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை.
அவர் சொன்னது பேர்ன்லி.
எழுபத்தெட்டாயிரம் பவுணுக்குக் கல்லுச் சுவர் வைத்த ஒட்டு வீடு,
மேலே இரண்டு அறை,
வாடகைக்கு ஆள் ஏற்கெனவே உள்ளே.

“வட்டியை மட்டும் கட்டு, முதலைத் தொடாதை.”
தொட்டால் கடிக்கும் என்பதுபோல் சொன்னார்.
“ஃப்ரீஹோல்டோ எண்டு பார்.
லீஸ் எண்பது வருசத்துக்குக் கீழை இறங்கிட்டுதெண்டால்
கிட்டவும் போகாதை.”
கோமளா அக்கா கத்தரிக்காய்க்கும் பருப்புக்கும் நடுவில் புகுந்தா:
“புதுப் பெயின்ற் மணந்தால் வாசலோடை திரும்பு.
பொயிலருக்கு எத்தனை வயசெண்டு கேள்.
மழை நாளிலை போ.
வெயிலுக்கு எல்லா வீடும் பொய் சொல்லும்.”

கடைசி வரி பிடித்திருந்தது.
கை துடைக்கிற கடதாசியில் எழுதி வைத்தேன்.

பேர்ன்லியில் மழை நாளைத் தேட வேண்டியிருக்கவில்லை.
ஏஜென்ட் பெடியன் காரைவிட்டு இறங்கவே இல்லை.
கதவைத் திறந்தவ மிஸஸ் ஹார்கிரீவ்ஸ்,
பதினொரு வருட வாடகை.
“புது ஆள் நீங்கள்தானா? வாருங்கள், எல்லாம் காட்டுகிறேன்.”

காட்டினா.
அலுமாரியைத் தானே தள்ளி, பின்னால் படர்ந்த கறுப்புப் பூஞ்சணத்தை.
கட்டைவிரல் வைத்தால் புதைகிற ஜன்னல் மரத்தை.
பின்னறையில், குழந்தை குளிக்கும் நீலத் தொட்டிக்குள்
சொட்டிக்கொண்டிருந்த கூரையை.
“மேல்காற்று அடித்தால் மட்டும்தான்,” என்றா,
கூரைக்குப் பரிந்து.

இப்படி ஒருவர் பின்னால்
முன்பும் ஒருமுறை நடந்திருக்கிறேன்.
மற்ற வடக்கில்.
அடையாள அட்டையைக் கேற்றடியில் கொடுத்துவிட்டு,
ஒரு மணித்தியால அனுமதியில்.
உறுதி என் பெயரில். உள்ளே முகாம்.
என் வீட்டை எனக்குச் சுற்றிக் காட்டியது ஒரு சிப்பாய்ப் பெடியன்.
இங்கே ஒழுகும், என்றான் சைகையில்.
வாளியை எங்கே வைப்பதென்று அவனுக்குத்தான் தெரிந்திருந்தது.

பேர்ன்லியில் நான் தலையாட்டியபடி குறித்தேன்.
பூஞ்சணம், ஆயிரத்து ஐந்நூறு.
ஜன்னல், எண்ணூறு.
கூரை, நாலாயிரம்.
நான் எழுதுவதைப் பார்க்க அவவுக்குச் சந்தோசம்.
“பழைய ஆள் ஒருநாளும் எழுதியதில்லை.”
தேத்தண்ணி தந்தா.
பிஸ்கட் டின்னைத் திறந்து என் பக்கம் தள்ளினா.

ஆறாயிரத்து முந்நூறு கேட்டேன்.
ஆறாயிரம் குறைத்தார்கள்.
“கெட்டிக்காரி,” என்றார் பகீரதன் அண்ணை.

நேற்று வேறு மண்டபம், வேறு பிள்ளை.
வரிசையில் எனக்குப் பின்னால் ஒரு இளம் சோடி,
வாடகைக்கு விட வீடு தேடுதுகள்.
பெயின்ற், பொயிலர், மழை நாள், எல்லாம் சொன்னேன்.
“இன்னொண்டு,” என்றேன்.
“உள்ளுக்கு இருக்கிற ஆளையே வீட்டைக் காட்ட விடுங்கோ.
சேர்வேயருக்கு அவ்வளவு தெரியாது.”

அந்தப் பிள்ளை ஃபோனில் குறித்துக்கொண்டாள்.

கூரைக்காரன் மார்ச்சில் வருவதாய்ச் சொல்லியிருக்கிறான்.
வடை ஆறிப்போயிருந்தது.
இரண்டு எடுத்தேன்.