ஐந்தைக் காணோம்

ஏணியை நான் பிடித்துக்கொண்டேன்.
ஹாலிஸ் மேலே ஏறி
ஒவ்வொரு பண்டத்துக்கும் பக்கத்தில்
ஓர் எண்ணைச் செருகினான்.
டொலீடோவில் அன்று கடும் பனி.
எதிரே பேருந்து நிலையத்தில்
கடைசி வண்டியும் போய்விட்டிருந்தது.
விடிந்தால் சட்டம்.

"இருநூத்தி நாப்பது" என்பான்.
தகரப் பெட்டியைத் துழாவி
ஒரு இரண்டு, ஒரு நான்கு, ஒரு பூஜ்யம்
எடுத்துக் கொடுப்பேன்,
தச்சனுக்கு ஆணி கொடுப்பதுபோல.
பதினோரு வருடமாக இந்தக் கல்லாவில் நிற்கிறேன்.
விலை ஏறியபோதெல்லாம் பலகை மாறியிருக்கிறது.
விலையல்லாத ஓர் எண்
அதில் ஏறியது அன்றுதான்.

காலையில் லாரிக்காரர் ஒருவர்
அண்ணாந்து பார்த்தார்,
குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார்.
"எப்பவும் போடறதையே போடு.
நம்பரை மட்டும் என் பெண்டாட்டிகிட்ட சொல்லிடாதே."
நீதிமன்ற குமாஸ்தாக்கள் இருவர்
உதடு அசையக் கூட்டினார்கள்;
பெரிய வறுவலைச் சிறியதாக்கி
மிச்சம் பிடித்ததற்கு ஆளுக்கொரு குக்கீ வாங்கினார்கள்.
இரண்டு வாரத்தில் பழகிவிட்டது.
சுவர்க் கடிகாரத்தில் கம்பெனிப் பெயர் இருப்பதுபோல
எண்கள் இருந்தன.
யாரும் படிக்கவில்லை,

இரண்டு பேரைத் தவிர.

லெம்யுவல் ஸ்டோக்ஸ் பாலத்தடியில் படுப்பவர்.
மதியக் கூட்டம் ஓய்ந்தபின் வந்து
சில்லறையை மேடையில் பரப்புவார்.
மூன்று டாலர் பன்னிரண்டு சென்ட்.
"ஒரு டாலருக்கு எது அதிகம் தரும்?"
ரசீதின் முதுகில் இருவரும் வகுத்துப் பார்த்தோம்.
பர்கர் தோற்றது.
கோழித்துண்டு கேவலமாகத் தோற்றது.
ஆப்பிள் பை மூன்று: எழுநூற்று இருபது.
"ராத்திரி மூணு மணிவரைக்கும் தாங்கும்" என்றார்,
அடுப்புக்குக் கரி வாங்கியவர்போல.

இன்னொருத்தி பள்ளிக் கூடைப்பந்து அணியோடு வருவாள்.
சட்டை முதுகில் நோவட்னி, பதினான்கு.
மற்ற பெண்கள் படங்களைப் பார்ப்பார்கள்.
இவள் எண்களை மட்டும்,
மேலிருந்து கீழ், கீழிருந்து மேல்,
சாவிக்கொத்தில் சரியான சாவியைத் தேடுகிறவள்போல.
பிறகு "தண்ணி" என்பாள்.
சட்டைக்கை விரல்நுனிவரை இழுத்திருக்கும்.
ஒருமுறை அது விலகி மணிக்கட்டு தெரிந்தது.
அன்றிரவு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த கை.

பிப்ரவரியில் ஹீட்டர் காய்ச்சிய காய்ச்சலில்
வெனிலா ஷேக்கின் ஐந்நூற்று முப்பதிலிருந்து
ஐந்து கழன்று விழுந்தது.
பொரிப்பானுக்கு அடியில் கிடந்ததைக்
கூட்டும்போது எடுத்தேன். எண்ணெயைத் துடைத்தேன்.
ஏணி பின்னறையில்தான் இருந்தது.
நான் போகவில்லை.
ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன்.

அன்று அவள் தனியாக வந்தாள்.
பலகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
அவளுக்குத் தெரியாத எண்ணா?
பாலும் சர்க்கரையும் முப்பதில் முடியாதென்று
பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.
"அந்த... முப்பது" என்றாள்.
குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது.

அவளுக்குப் பின்னால் லெம்யுவல்.
"நேத்து இது ஐநூத்தி..." என்று தொடங்கியவர்
என் முகத்தைப் பார்த்தார்.
அவள் முதுகைப் பார்த்தார்.
"முப்பதுதானா? வெறும் தண்ணி.
எனக்கு உதவாது" என்றார்
கடைக்கே கேட்கும்படி.

ஜன்னலோரம் உட்கார்ந்து பாதி குடித்தாள்.
பாதிக்குக் கொஞ்சம் மேலேயே இருக்கும்.
அவள் போனபின் கோப்பையைக்
கையில் தூக்கி எடை பார்த்துவிட்டுத்தான்
குப்பையில் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஹாலிஸ் கவனித்துவிட்டான்.
இன்ஸ்பெக்டர் என்றான், அபராதம் என்றான்.
பெட்டி நிறைய உபரி ஐந்துகள்.
ஏணியை நான்தான் பிடித்தேன்.

அணி பிறகும் வந்தது. பதினான்கு வரவில்லை.
வேறு கடைக்குப் போயிருக்கலாம்.
லெம்யுவல் ஒருநாள் விசாரித்தார்.
தோளைக் குலுக்கிவிட்டுச் சில்லறையை எண்ணினேன்;
நாலு சென்ட் குறைந்தது, நான் போட்டேன்.

ஏப்ரன் சலவைக்குப் போய் வந்தது.
பையில் இன்னமும் ஐந்து,
சூட்டில் லேசாக நெளிந்து,
இனி எந்தப் பலகையிலும் செருக முடியாதபடி.