திரை

21:47 என்று நின்றுவிட்டது
திரை மூலையில் மணி.
வெளியே பீல் நகரத் தேவாலயம்
பத்து அடித்து ஓய்ந்தும்
அம்புக்குறி அசையவில்லை,
வரிப்படிவத்தில்
'பிள்ளைகள் எத்தனை' என்ற கட்டத்துக்கு மேல்.

நினைவக அட்டைகளைக் கழற்றி
ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்த்தேன்.
விசிறித் தூசியை ஊதினேன், தும்மினேன்.
வெப்பம் நாற்பத்தொரு பாகை:
எனக்கென்றால் காய்ச்சல்,
இதற்குச் சுகமாம்.

மீண்டும் ஏற்றினேன். ஓடியது.
ஓடி, நின்றது.

"பிரிட்ஜ் உறுமேக்கதான் நிக்குது.
மூண்டு நாளாக் கேட்டுக்கொண்டிருக்கிறன்"
என்றாள் நிருத்திகா,
வாய் நிறையப் பற்பசை நுரையோடு.

ஒரே நீட்டுவயரில் இரண்டும்.
பிரிட்ஜைப் பிடுங்கினேன்.
நள்ளிரவுக்குள் படிவம் போய்விட்டது.
அந்தக் கட்டத்தில்
இந்த முறையும் பூச்சியம்.

மறுநாள் மாலை,
ஆவணி வெக்கை.
தேத்தண்ணிக்கு வைத்த பால்
அடுப்பில் திரைந்தது.
இருவரும் சத்தமில்லாமல்
செருகியைப் பார்த்தோம்.