நடுவர் இல்லாத ஆட்டம்

வைகை வற்றிய மார்ச்.
செல்லூர்ப் பக்க மணலில்
எட்டு செருப்புகள்தாம் எல்லை.
ஜெராக்ஸ் கடை முபீனா சொன்னாள்:
தட்டு கைக்கு வந்தால் ஓடாதே.
ஒரு காலை நட்டுக்கொள்.
ஈரத் துண்டை உதறுவாயே,
அப்படி மணிக்கட்டைச் சொடுக்கு.

உதறினேன்.
தட்டு போய்
ஓர் எருமையின் முதுகில் உட்கார்ந்தது.
எருமை கண்டுகொள்ளவில்லை.

மூன்று வாரத்தில்
காற்றோடு கொஞ்சம் பழக்கம்.
ஐந்தரைக்குப் பாலத்தடியிலிருந்து வரும்.
இடது விளிம்பைத் தாழ்த்தி விட்டால்
சிம்மக்கல்லில் டவுன் பஸ் திரும்புவதுபோல்
சாய்ந்து திரும்பும்.

இன்று பதிமூன்றுக்குப் பதிமூன்று.
சுருளிநாதன் என் முகத்துக்கு நேரே கை விரித்து
ஒண்ணு, ரெண்டு, எண்ணுகிறான்.
எட்டில் எறிந்தேன்.
முபீனா மணலோடு சறுக்கிப் பிடித்தாள்.
எங்கள் ஆட்கள் கத்தியதில்
கொக்குகள் எழுந்தன.

அவள் எழுந்து
துப்பட்டா மணலை உதறி
தன் குதிகால் தடத்தைக் குனிந்து பார்த்தாள்.
"செருப்புக்கு வெளியே" என்றாள்.
யாரும் அவளைக் கேட்கவில்லை.

கம்பிக் கதவில் அரை அங்குலம் குறைந்தால்
"சரியாத்தான் இருக்கு சார்" என்கிற
வெல்டிங் பட்டறைக்காரன் நான்,
தட்டை எடுத்துப் போய்
சுருளியிடம் கொடுத்தேன்.

மணலைத் தட்டி வாங்கிக்கொண்டு
"எண்ணுடா" என்றான்.